இயற்கை இனிப்பூட்டிகள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானவையா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 56. ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, உணவுடன் வோக்லிபோஸ் ஆகிய மாத்திரைகளை எடுத்துவருகிறேன். முன்பு இரண்டு வேளை பானத்தில் தலா ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை சேர்ப்பேன். சென்ற ஆண்டு அதை அறவே நிறுத்திவிட்டு இயற்கை இனிப்புகளுக்கு மாறினேன். காலையில் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி தேன், இரண்டு வேளை பானத்தில் தலா ஒரு தேக்கரண்டி வெல்லத்தூள், மாலையில் பாலில் ஒரு மேசைக்கரண்டி பேரீச்சம்பழப் பாகு எனச் சாப்பிடுகிறேன். ஆனால் இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.2 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக ஏறிவிட்டது. மருத்துவர் கிளிமெபிரைடு அளவைக் கூட்டியிருக்கிறார். தேன், வெல்லம் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இயற்கையானவைதானே என்று சொல்லத் தோன்றவில்லை. நான் வாங்கிய தேன் கலப்படமாக இருக்குமோ? அண்மையில் ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டியை வாங்கினேன். அதை ரசாயனம் என்கிறான் மகன். சென்ற வாரம் ஒரு மாலையில் கை நடுங்கி உடல் வியர்த்தது. ஸ்டீவியா கலந்த எலுமிச்சைச் சாறு குடித்தும் அரை மணி நேரம் தெளியவே இல்லை. இயற்கை இனிப்புகளை நான் சாப்பிடலாமா, கூடாதா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தின் முதன்மையான கேள்விக்கு வருவதற்கு முன்னால், கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த மாலை நிகழ்வைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். பலர் இதை ‘லோ சுகர்’ என்பார்கள். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். 54-க்குக் கீழே போனால் அது அவசரம். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து என்பதால், அதன் அளவு கூட்டப்பட்ட பிறகு ஒரு வேளை உணவு தாமதமானாலோ குறைந்தாலோ தாழ்சர்க்கரை வரக்கூடும். அந்த நேரத்தில் உடலுக்குத் தேவைப்படுவது குளுக்கோஸ். ஸ்டீவியாவில் குளுக்கோஸ் இல்லை. அது நாக்குக்கு இனிக்குமே தவிர இரத்தத்துக்கு எதையும் கொடுக்காது. ஆகையால் நீங்கள் குடித்த சாறு உங்களைத் தெளிவிக்காததில் வியப்பில்லை.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகள் சிறுகுடலில் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கும் நொதிகளைத் தடுத்து நிறுத்துபவை. உணவுக்குப் பின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருப்பதற்காகத்தான் அவை தரப்படுகின்றன. அதனால், இவற்றை எடுத்துக்கொள்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வெள்ளைச் சர்க்கரையோ வெல்லமோ கொடுத்தாலும் அது உடைபட்டு இரத்தத்தில் சேரத் தாமதமாகும். உடைபடத் தேவையே இல்லாத தூய குளுக்கோஸ்தான் இவர்களுக்கு உகந்த முதலுதவி. பொருள் பட்டியலில் குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்று அச்சிடப்பட்ட பொடியையோ மாத்திரையையோ வீட்டிலும் கைப்பையிலும் எப்போதும் வைத்திருங்கள். அறிகுறி தெரிந்ததும், கையருகில் மீட்டர் இருந்தால் உடனே சோதியுங்கள்; இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்காமல் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்தும் 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் மறுபடியும் 15 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு, அடுத்த உணவுக்கு நேரம் இருக்குமானால் ஏதாவது சிற்றுண்டி சாப்பிடுங்கள். கிளிமெபிரைடின் வேலை பல மணி நேரம் நீடிப்பதால், ஒருமுறை தெளிந்தவர் மீண்டும் சரிய வாய்ப்பு உண்டு. அன்றிரவு தனியாக இருக்க வேண்டாம், படுக்கைக்குப் போகுமுன் இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பிய ஒருவரின் வாயில் தேனையோ வேறு எதையுமோ ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனடியாக அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேன், வெல்லம், பாகு ஆகியவை உங்கள் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை சர்க்கரையே. அவை விஷமல்ல, ஆனால் மருந்தும் அல்ல. ‘தாராளமாகச் சாப்பிடலாம்’ என்ற தகுதியும் அவற்றுக்கு இல்லை. ஸ்டீவியா வேறு இனத்தைச் சேர்ந்தது, அதை அளவோடு நீங்கள் பயன்படுத்தலாம். இரண்டையும் ‘இயற்கை இனிப்பூட்டி’ என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் பிணைந்த மூலக்கூறு அது. சிறுகுடலில் உள்ள நொதி அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. குளுக்கோஸ் நேராக இரத்தத்துக்கும், ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கும் செல்கின்றன. வெல்லம் என்பது கரும்புச் சாற்றை அதன் கழிவுப்பாகு நீக்காமல் காய்ச்சிக் கெட்டியாக்கியது. அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். பனை வெல்லமும் தென்னைச் சர்க்கரையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டவை அல்ல. தேனில், பூவிலிருந்து எடுத்த சுக்ரோஸைத் தேனீக்களே தம் நொதியால் முன்கூட்டி வெட்டிவைத்துவிடுகின்றன. அதனால் தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியாக இருக்கின்றன. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைகள், 17 சதவீதம் தண்ணீர்; மணமும் நிறமும் மற்ற நல்ல சேர்மங்களும் எஞ்சிய சிறு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. குடலைத் தாண்டிய பிறகு, இந்தக் குளுக்கோஸ் கரும்பிலிருந்து வந்ததா, மலரிலிருந்து வந்ததா என்று பிரித்தறியும் ஏற்பாடு உடலில் எங்கும் இல்லை.

உங்கள் தேன் கலப்படமானதா என்ற கேள்விக்கும் இதுவே விடை. கலப்படம் தவறு, காசு கொடுத்து ஏமாறுவதும் வேதனை. ஆனால் நூறு சதவீதம் தூய தேனும் உங்கள் ஹெச்பிஏ1சியை உயர்த்தவே செய்யும். தூய்மையைச் சோதிப்பதில் செலவிடும் அக்கறையை அளவைச் சோதிப்பதில் செலவிட்டால் உங்களுக்கு உண்மையில் பயன் கிடைக்கும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்பு நீங்கள் சேர்த்துக்கொண்ட இரண்டு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 8 கிராம். இப்போது, ஒரு தேக்கரண்டி தேன் 7 கிராம் எடை. அதில் 6 கிராம் அளவுக்குச் சர்க்கரை. இரண்டு தேக்கரண்டிக்கு 12 கிராம். வெல்லத்தூளில் இன்னொரு 8 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி பேரீச்சம்பழப் பாகில் சுமார் 14 கிராம். ஆக மொத்தம் 34 கிராம். சர்க்கரையை நிறுத்திவிட்டதாக நினைத்த நீங்கள், உண்மையில் முன்பு எடுத்ததைப் போல நான்கு மடங்கு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மீது குற்றம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ‘இயற்கையானது’ என்ற சொல் தரும் நிம்மதியில் கரண்டியின் அளவு தானாகவே பெரிதாகிவிடுவதை ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் தொடர்ந்து பார்க்கிறேன். தேன் அடர்த்தியானது என்பதால், கரண்டிக்குக் கரண்டி ஒப்பிட்டால் அதில் வெள்ளைச் சர்க்கரையைவிட அதிக மாவுச்சத்து (சர்க்கரையையும் உள்ளடக்கிய கார்போஹைட்ரேட்) இருக்கிறது என்பதையும் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பாகுகள், பழச்சாறுகள் ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறது. அந்தக் கணக்கு ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம். இது நீரிழிவு இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட வரம்பு. உங்கள் 34 கிராமை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஹெச்பிஏ1சி உயர்வு முழுவதற்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல கணையத்தின் திறன் குறைவது, நடை குறைந்தது, தூக்கக் குறைவு, இடையில் வந்த தொற்று, வேறு நோய்க்கு எடுத்த ஸ்டீராய்டு மருந்து என எதுவும் பங்களித்திருக்கலாம். ஆனால் இந்தக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது, திருத்தக்கூடியதாகவும் இருக்கிறது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ‘தேனின் கிளைசெமிக் குறியீடு குறைவு என்கிறார்களே’ என்று கேட்கக்கூடும். இந்தக் குறியீட்டை 1981இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். 50 கிராம் மாவுச்சத்து உள்ள ஓர் உணவைச் சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, தூய குளுக்கோஸை 100 என வைத்து ஒப்பிடுகிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறத்தாழ 65, தேனுக்கு ஏறத்தாழ 60 வருகிறது; எந்த மலரின் தேன் என்பதைப் பொறுத்து இது நிறையவே மாறும். இந்த எண், ஓர் உணவில் உள்ள மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்வதில்லை. அளவையும் சேர்த்துக் கணக்கிடும் கிளைசெமிக் சுமையைப் பார்த்தால், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரைக்கு 8, ஒரு மேசைக்கரண்டி தேனுக்கு 10 என்று வரிசை தலைகீழாகிவிடுகிறது.

குறியீடு குறைவாக இருப்பதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். கற்றாழையை ஒத்த ஒரு செடியிலிருந்து எடுக்கப்படும் அகேவ் பாகின் குறியீடு மிகவும் குறைவு. அதைக் காட்டித்தான் ‘நீரிழிவுக்கு உகந்தது’ என்று விற்கிறார்கள். அது குறைவாக இருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ் என்பதே. ஃபிரக்டோஸ் உங்கள் குளுக்கோமீட்டரில் உடனே தெரியாது. அது கல்லீரலுக்குப் போகிறது, மிகையானால் அங்கே கொழுப்பாக மாறி ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பை உயர்த்துகிறது, கல்லீரலில் கொழுப்புப் படிய வழி செய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் கொழுப்புக் கல்லீரல் மிகப் பரவலாகக் காணப்படுவதால், மீட்டரில் எண் குறைந்தது என்று மகிழ்ந்து இந்தப் பாகை ஊற்றிக்கொள்வது ஒரு தொல்லையை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வதாகும். விலை உயர்ந்த இத்தகைய பாகுகள் எதையும் நீங்கள் தேடிப் போக வேண்டாம்.

வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே என்பதற்கும் ஒரு வார்த்தை. 100 கிராம் வெல்லத்தில் 10 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நீங்கள் போடும் ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது 0.4 மில்லிகிராம். இரும்புச் சத்துக்காக வெல்லத்தை நாடுவது உங்களுக்கு உகந்த வழியல்ல. பயறுகளும் கீரைகளும் அதைச் சர்க்கரையின்றியே தருகின்றன.

தேனைப் பற்றி வரும் நல்ல செய்திகள் பொய்யா என்றால், இல்லை; அவை யாரைப் பற்றியவை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2022இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, தேன் உண்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பின் சில அளவுகளும் சற்றுக் குறைந்ததாக வெளியிட்டார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள், மொத்தச் சர்க்கரையை ஏற்கெனவே கட்டுக்குள் வைத்திருந்தவர்கள். சர்க்கரையைத் தவிர்த்துவருபவர் இதற்காகத் தேனைத் தொடங்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. வேறு சர்க்கரையின் இடத்தில் தேனை வைப்பதைப் பற்றித்தான் பேசினார்கள். நீரிழிவு உள்ளவர்களிடமே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஈரானியச் சோதனை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. எட்டு வாரம் தேன் உண்டவர்களுக்கு எடையும் கொழுப்பு அளவுகளும் சற்றுக் குறைந்தன. ஆனால் ஹெச்பிஏ1சி உயர்ந்தது. சிறிய சோதனைதான், அதை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. எனினும் உங்கள் பரிசோதனை முடிவு காட்டுவதும் அதே திசையைத்தான். இன்னொன்று, நீங்கள் தேனை நிறுத்தும்போது மீதியிருப்பதை வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது ஸ்டீவியா. பராகுவே நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியின் இலையை அங்குள்ள குவாரானி மக்கள் நெடுங்காலமாகவே பயன்படுத்திவந்தார்கள். இலையில் உள்ள ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. இவை சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் இவற்றிலிருந்து ஸ்டீவியாலைப் பிரிக்கின்றன, அதைக் கல்லீரல் மாற்றியமைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. குளுக்கோஸாக இரத்தத்தில் சேரும் பகுதி ஏதும் கணக்கில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்ற அளவை வாழ்நாள் முழுவதற்குமான பாதுகாப்பான வரம்பாக 2008இல் நிர்ணயித்தது. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது நூறு கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை தரும் இனிப்புக்கு ஈடாகும். பானத்தில் சிறிது சேர்ப்பவர் இந்த வரம்பின் அருகில்கூடச் செல்ல மாட்டார்.

அதை ரசாயனம் என்று உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. பொட்டலத்தில் வருவது பறித்த இலை அல்ல. இலையை நீரில் ஊறவைத்து, வடித்து, தூய்மைப்படுத்திப் படிகமாக்கிய சாறு. ஆனால் இங்கே அந்தத் தூய்மைப்படுத்தலே பாதுகாப்புக்குத் துணை நிற்கிறது. மேற்சொன்ன வரம்பு சோதித்து நிர்ணயிக்கப்பட்டது தூய்மைப்படுத்திய கிளைக்கோசைடுகளுக்குத்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தூய வடிவத்தை இனிப்பூட்டியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முழு இலையையும் தூய்மைப்படுத்தாத சாற்றையும் அவ்வாறு ஏற்கவில்லை, ஏனெனில் அவற்றுக்குப் போதுமான பாதுகாப்புச் சான்றுகள் இல்லை. இயற்கைக்கு நெருக்கமாக இருப்பது ஒன்று, பாதுகாப்பு உறுதிப்படுத்தப்பட்டிருப்பது இன்னொன்று. மங்க் ஃப்ரூட் என்ற பழத்தின் சாறும் ஏறத்தாழ இதே வகையைச் சேர்ந்தது; அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை.

எனக்கு ஸ்டீவியாவைவிட, அதன் பொட்டலத்தில் உடன் இருப்பவற்றைப் பற்றித்தான் அக்கறை. 200 மடங்கு இனிக்கும் ஒரு பொருளை அப்படியே கரண்டியில் எடுக்க முடியாது என்பதால், அளவைக் கூட்டுவதற்காக வேறொரு தூளில் கலந்துதான் விற்கிறார்கள். அந்தத் தூள் டெக்ஸ்ட்ரோஸாகவோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினாகவோ இருந்தால், டெக்ஸ்ட்ரோஸ் குளுக்கோஸேதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் அதற்கு ஈடான வேகத்தில் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. ஒரு சிறு பொட்டலத்தில் 1 கிராமுக்கும் குறைவாக இருப்பதால் ஒன்றிரண்டில் பாதிப்பு இல்லை. சமையலுக்குக் கைநிறையப் போடும்போதுதான் கணக்கு மாறும். ஆகவே முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள ‘இயற்கை’, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற சொற்களை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலையும், ஒரு பரிமாறலுக்கு மாவுச்சத்து எத்தனை கிராம் என்ற வரியையும் படியுங்கள். பழச்சாற்றுச் செறிவு, மால்ட் சாறு, குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ் என எந்தப் பெயரில் இருந்தாலும் அது சர்க்கரையே.

பட்டியலில் எரித்ரிட்டால் என்று இருந்தால் அது சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் வகை. போதை தரும் மதுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ஆனால் 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, எரித்ரிட்டால் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். உடலும் குளுக்கோஸிலிருந்து தானாகவே எரித்ரிட்டாலை உற்பத்தி செய்வதால், இரத்தத்தில் இருந்தது உண்டதால் வந்ததா, உடல் உற்பத்தி செய்ததா என்பது அந்த ஆய்வில் பிரித்தறியப்படவில்லை; எனவே எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. இருந்தாலும், 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானத்தைக் குடித்த நலமானவர்களின் இரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாட்களுக்கு மேல் உயர்ந்தே இருந்தது என்பதையும், இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுகள் எளிதாக ஒட்டிக்கொள்ளும் தன்மையை ஆய்வகத்தில் அது கூட்டியது என்பதையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நீரிழிவு தனக்குத் தானே இதய நோயின் வாய்ப்பைக் கூட்டும் நோய். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் எரித்ரிட்டாலை நாள்தோறும் பெருமளவில் உண்ண வேண்டாம் என்பதே நான் சொல்லும் அறிவுரை. சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் இனிப்புப் பண்டங்களில் உள்ள மால்டிட்டாலோ, சர்க்கரையைப் போல் பாதிக்குச் சற்று மேலான கலோரியைத் தருகிறது, இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றுகிறது. அதிகமானால் வயிற்றைக் கலக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டீவியா உள்ளிட்ட சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதைப் படித்துவிட்டுப் பலர் அஞ்சி மீண்டும் சர்க்கரைக்கே திரும்பினார்கள். அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உங்களைப் போன்றவருக்கு ஸ்டீவியா, இனிப்பே இல்லாமல் இருக்க முடியாத சில மாதங்களைக் கடப்பதற்கான ஊன்றுகோல் போன்றது. அதையே நிரந்தரமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இனிப்பின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், முன்பு சப்பென்றிருந்த பானம் போதுமான இனிப்பாகத் தோன்றும் நிலைக்கு நாக்கு வந்துவிடுவதை நீங்களே உணர்வீர்கள்.

பேரீச்சம்பழப் பாகைப் பழமாக நினைத்துச் சாப்பிட்டுவருகிறீர்கள் என்று தோன்றுகிறது. முழுப் பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, மென்று விழுங்க நேரம் ஆகிறது, ஒன்றிரண்டில் நிறுத்தவும் முடிகிறது. பாகில் நார் வடிகட்டப்பட்டுச் சர்க்கரை மட்டும் செறிந்துவிடுகிறது. முழுப் பழமாக ஒன்றை, உணவோடு சேர்த்து, அந்த வேளையின் மாவுச்சத்தில் கணக்கு வைத்துச் சாப்பிடலாம்; பாகை நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்றில் வெந்நீரில் கலந்து குடிக்கும் தேனையும் நிறுத்துவது நல்லது, ஏனெனில் நாரும் புரதமும் கொழுப்பும் துணைக்கு இல்லாமல் நீர்வடிவில் செல்லும் சர்க்கரைதான் மிக வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. உங்கள் ஹெச்பிஏ1சி மருத்துவர் நிர்ணயித்த இலக்குக்குள் வந்த பிறகு, தேனின் சுவையை விரும்பினால் ஒரு தேக்கரண்டியை, உணவின் ஒரு பகுதியாக, வேறொரு மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. கூடுதலாகச் சேர்ப்பது என்பது வேறு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது என்பது வேறு. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிடும் வாசகர்களும் தேனையும் வெல்லத்தையும் விட்டுவிடாமல் அந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

என் சொல்லை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே காலை உணவை, ஒரே நேரத்தில், ஒரே அளவில் சாப்பிடும் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் தேக்கரண்டி அளவில் தேனோடு, மறுநாள் தேனில்லாமல். உணவுக்கு முன்னும், முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து எழுதுங்கள். பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. வயதும் மற்ற நோய்களும் கருதி உங்கள் மருத்துவர் இதைத் தளர்த்தியிருக்கலாம். வீட்டு மீட்டர்களில் 15 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது என்பதால், ஒரு சோதனையில் தெரியும் சிறு வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டு மூன்று முறை செய்து பார்த்தபின் ஒரே பக்கமாகச் சாய்வது எதுவோ அதை நம்புங்கள்.

ஆனால் இந்த மாற்றங்களை நாளைக் காலையிலேயே ஒரே மூச்சில் செய்துவிட வேண்டாம். உங்கள் கிளிமெபிரைடு அளவு, நாள்தோறும் 34 கிராம் சர்க்கரை உள்ளே சென்றுகொண்டிருந்தபோது வந்த பரிசோதனை முடிவைப் பார்த்துக் கூட்டப்பட்டது. அந்தச் சர்க்கரை உங்கள் மருத்துவருக்குத் தெரியாது. அதைத் திடீரென்று நிறுத்திவிட்டு, கூட்டிய மாத்திரையை மட்டும் தொடர்ந்தால், சென்ற வாரம் வந்த நடுக்கம் இன்னும் கடுமையாகத் திரும்பி வரக்கூடும். ஆகவே முதலில் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள் அல்லது நேரில் பாருங்கள். தேன், வெல்லம், பாகு என்று என்னிடம் எழுதிய அளவுகளை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள், அந்த மாலை நிகழ்வையும் நேரத்தோடு சொல்லுங்கள், இனிப்பைக் குறைக்கப்போவதால் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் கிளிமெபிரைடின் வேலை மேலும் நீளும் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை அண்மையில் செய்யப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்ற பிறகு முதல் வாரத்தில் பாகையும், அடுத்த வாரத்தில் காலைத் தேனையும், அதன்பின் வெல்லத்தையும் என்று படிப்படியாக விடுங்கள். அந்த வாரங்களில் மாலை நேரச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது என்பதால், மறு பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொண்டால் போதும்.